அப்பாவுக்கு இருந்தது எனக்கும் வருமா? மனச்சோர்வும் தற்கொலையும் மரபணுவும்

குடும்பத்தில் ஒருவர் தற்கொலையால் இறந்துபோனால், துக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகு வீட்டில் பலரும் மனதுக்குள் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு திரிவார்கள். எனக்கும் இப்படி ஆகுமா? என் பிள்ளைக்கு? வருடக்கணக்காக மனச்சோர்வோடு போராடிய அம்மாவைப் பார்த்து வளர்ந்த மகளுக்கும் இதே பயம்தான். சுற்றியிருப்பவர்கள் இதற்கு இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருப்பார்கள். ‘அந்த ரத்தமே அப்படி’ என்பது ஒன்று. ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, மனசைத் திடமா வெச்சுக்கணும்’ என்பது இன்னொன்று. ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சியைப் புரட்டினால் இரண்டுமே தப்பு என்று தெரிகிறது. மரபுக்குப் பங்கு உண்டு, அதுவும் கணிசமாகவே. ஆனால் மனச்சோர்வுக்கான மரபும் தற்கொலைக்கான மரபும் ஒன்றல்ல. இரண்டில் எதுவுமே ஒருவருடைய கதியைத் தீர்மானித்துவிடுவதில்லை.

மரபுக்குப் பங்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மரபணுவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இரட்டையர்களைக் கவனித்தால் போதும். ஒரே கருமுட்டை பிரிந்து பிறந்த இரட்டையருக்கு டிஎன்ஏ கிட்டத்தட்ட முழுவதும் ஒன்றாக இருக்கும். இரண்டு கருமுட்டைகளிலிருந்து பிறந்தவர்களுக்கு, மற்ற உடன்பிறப்புகளைப் போலவே, சராசரியாகப் பாதிதான் பொது. இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். ஒருவருக்கு மனச்சோர்வு வந்தால் மற்றவருக்கும் வருவது முதல் வகையினரிடம் அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்திலிருந்து மரபின் பங்கைக் கணக்கிடலாம். பேட்ரிக் சல்லிவன், மைக்கேல் நீல், கென்னத் கெண்ட்லர் மூவரும் அதுவரை வந்த தரமான ஆய்வுகளைத் தொகுத்து 2000ஆம் ஆண்டில் சொன்ன எண் 37 விழுக்காடு. 2006ல் ஸ்வீடனில் 42,000க்கும் மேற்பட்ட இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வில் 38 வந்தது. அதிலும் பெண்களுக்கு 42, ஆண்களுக்கு 29. ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய், மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ மனநோய் போன்றவற்றில் இந்த எண் 60, 80 என்று போகும். அவற்றோடு ஒப்பிட்டால் மனச்சோர்வில் மரபின் பிடி நடுத்தரமானதுதான்.

இந்த 37ஐத்தான் பெரும்பாலோர் தப்பாகப் படிக்கிறார்கள். ‘என் மனச்சோர்வில் 37 பங்கு மரபணுவால் வந்தது, மீதி 63 பங்கு வாழ்க்கையால் வந்தது’ என்று பொருள் இல்லை. தனி ஒருவரைப் பற்றி இந்த எண் எதையுமே சொல்லாது. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு மனச்சோர்வு வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அந்த வேறுபாட்டில் எவ்வளவை மரபு வேறுபாட்டோடு பொருத்திக் காட்ட முடியும் என்பதுதான் கணக்கு. அதனால்தான் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் இது மாறும். நாளைக்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி பாதுகாப்பான குழந்தைப் பருவமும் நிம்மதியான வேலையும் கிடைத்துவிட்டால் நோய் குறையும், ஆனால் இந்த எண் ஏறும்! ஏனென்றால் மனிதருக்கு மனிதர் வித்தியாசப்பட மரபு மட்டும்தானே மிச்சம் இருக்கும்.

அதேபோல, மரபில் வருவதென்றால் மாற்ற முடியாது என்றும் ஒரு நினைப்பு. கிட்டப்பார்வையை எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வைவிட அதில் மரபின் பங்கு அதிகம். கண்ணாடி போட்டால் தெரிகிறது. காரணம் எங்கிருந்து வந்தது என்பதும் தீர்வு எங்கே இருக்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

சரி, குடும்பத்தில் இருந்தால் எனக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு? சல்லிவன் குழுவின் அதே தொகுப்பு இதற்கும் விடை சொல்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்திருந்தால், மற்றவருக்கு வருவதற்கான சாத்திய விகிதம், அதாவது வருபவர்களுக்கும் வராதவர்களுக்கும் உள்ள விகிதம், ஏறக்குறைய 2.8 மடங்கு. கேட்கவே பயமாக இருக்கிறது இல்லையா? நூறு பேரில் பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு வருகிறது என்று வைத்துக்கொண்டு இதைக் கணக்குப் போட்டால், அப்படிப்பட்ட உறவு உள்ள நூறு பேரில் சுமார் 24 பேருக்கு வரும். மீதி 76 பேருக்கு வராது. மருத்துவச் செய்திகளில் ‘மூன்று மடங்கு ஆபத்து’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த 76ஐ எழுதுவதே இல்லை.

உறவினருக்கு எந்த மாதிரி மனச்சோர்வு என்பதும் முக்கியம். இளம் வயதிலேயே தொடங்கியது, திரும்பத் திரும்ப வந்தது என்றால் மரபின் பங்கு கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அறுபது வயதுக்கு மேல் பக்கவாதத்தையோ ரத்தக்குழாய் நோயையோ ஒட்டி முதன்முதலாக வந்தது வேறு கணக்கு. பிரசவத்தை ஒட்டி வருவதும் தனி. 2016ல் வந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று உடன்பிறந்த சகோதரிகளை ஒப்பிட்டபோது, பிரசவ கால மனச்சோர்வில் மரபின் பங்கு 44 விழுக்காடாகவும், அந்தக் காலத்துக்கு வெளியே வரும் மனச்சோர்வில் 32 ஆகவும் இருந்தது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்துக்குப் பிறகு அப்படி ஆகியிருந்தால், கர்ப்பமாக இருக்கும்போதே மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

மரபு உண்டு என்றால் எந்த மரபணு? இங்கேதான் மனநல ஆராய்ச்சியின் மிகச் சங்கடமான அத்தியாயம் வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பழைய கதை இன்னும் பாடப் புத்தகங்களிலும் யூடியூப் காணொளிகளிலும் உயிரோடு உலாவுகிறது.

மூளையில் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருள் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பல அதன் மீதுதான் வேலை செய்கின்றன. பயன்படுத்தப்பட்ட செரோட்டோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. அதை உருவாக்கும் மரபணுவின் முன்பகுதியில் குட்டை, நெட்டை என்று இரண்டு வடிவங்கள் காணப்படுகின்றன. நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டுவரும் 847 பேரை வைத்து, அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மோஃபிட் குழுவினர் 2003ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் நான்கோ அதற்கு மேலோ பெரிய அடிகளை வாங்கியவர்களில், குட்டை வடிவம் உள்ளவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், இரண்டு பிரதியும் நெட்டையாக உள்ளவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் மனச்சோர்வு வந்திருந்தது. அடி விழாதவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

எவ்வளவு அழகான முடிவு! மரபணுவும் வாழ்க்கையும் கைகோத்துச் செய்யும் வேலை என்று எல்லோருக்கும் மனதுக்கு ஒத்துப்போயிற்று. உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் இதைப் பின்தொடர்ந்தன. ஆனால் 2009ல் நீல் ரிஷ் தலைமையிலான குழு 14 ஆய்வுகளைச் சேர்த்து, 14,250 பேரின் தரவுகளைக் கூட்டிப் பார்த்தபோது அந்த மரபணுவின் பங்கு காணாமல் போனது. வாழ்க்கை அடிகள் மனச்சோர்வைக் கூட்டுகின்றன என்பது மட்டும் உறுதியாக நின்றது. அதற்குப் பிறகும் விவாதம் பத்தாண்டு ஓடியது. 2019ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பார்டர் குழு, மனச்சோர்வுக்குக் காரணம் என்று அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை எடுத்து, சில பகுப்பாய்வுகளில் 4,43,264 பேர் வரை வைத்துச் சோதித்தது. குருட்டாம்போக்கில் பொறுக்கியெடுத்த மரபணுக்களைவிட அந்தப் பதினெட்டும் எந்த விதத்திலும் மேலாக இல்லை.

எப்படி இத்தனை பேர் இத்தனை வருடம் இதில் மாட்டிக்கொண்டார்கள்? ஒவ்வொரு மரபணு வேறுபாட்டின் தாக்கமும் மிகச் சிறியதாக இருக்கும்போது சில நூறு பேரை வைத்து அதைப் பிடிக்கவே முடியாது. அப்படிப் பிடிபட்டது என்றால் பெரும்பாலும் தற்செயல்தான். தற்செயலாக வந்த ஆர்வமூட்டும் முடிவுகள் அச்சில் ஏறின, ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்ற முடிவுகள் மேசை இழுப்பறையிலேயே தங்கின. யாரும் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரு துறை முழுவதும் ஏமாந்துபோக இதுவே போதும். ‘தற்கொலை மரபணு கண்டுபிடிப்பு’ என்று எங்காவது படித்தால் முதலில் எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள் என்று பாருங்கள்.

அடுத்த வழி, எந்த மரபணுவையும் முன்கூட்டியே சந்தேகப்படாமல் டிஎன்ஏ முழுவதையும் அலசுவது. மனிதர்களின் டிஎன்ஏவில் எழுத்து வேறுபடும் லட்சக்கணக்கான இடங்களை எடுத்து, நோய் உள்ளவர்களிடம் எந்த எழுத்து சற்றே அதிகம் என்று பார்ப்பார்கள். 2013ல் சர்வதேசக் கூட்டமைப்பு ஒன்று 9,240 நோயாளிகளை வைத்து இதைச் செய்தபோது ஓர் இடம்கூடச் சிக்கவில்லை. 2015ல் சீனப் பெண்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து, அதுவும் கடுமையாக, திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்த ஆய்வில் இரண்டு இடங்கள் கிடைத்தன. 2018ல் நோயாளிகளின் எண்ணிக்கை 1,35,000ஐத் தாண்டியதும் 44 இடங்கள். அடுத்த ஆண்டே 102. 2025 ஜனவரியில் 29 நாடுகளிலிருந்து 6,88,808 நோயாளிகளையும் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட மற்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு வந்தபோது எண்ணிக்கை 697 ஆகியிருந்தது. அதில் ஏறக்குறைய நூறு இடங்கள் தெரியவந்ததற்குக் காரணம், ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டதுதான். அப்படியும் அவர்கள் நான்கில் ஒரு பங்குதான்.

இந்த 697ல் எது ஒன்றும் தனியாக யாரையும் நோயில் தள்ளிவிடாது. ஒவ்வொன்றும் வாய்ப்பை ஓரிரு விழுக்காடு கூட்டும், குறைக்கும், அவ்வளவே. நம் எல்லோரிடமும் இவற்றில் நூற்றுக்கணக்கானவை இருக்கின்றன. எனவே ‘மனச்சோர்வு மரபணு உள்ளவர்கள்’, ‘இல்லாதவர்கள்’ என்று மனிதர்களை இரண்டாகப் பிரிக்கவே முடியாது. யாரிடம் எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். எல்லாவற்றையும் கூட்டி ஒருவருக்கு ஒரு மதிப்பெண் போட்டால், ஐரோப்பிய வம்சாவளியினரிடம்கூட மனச்சோர்வு வருவதில் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 5.8 விழுக்காட்டைத்தான் அது விளக்குகிறது. மற்றவர்களிடம் அதைவிடக் குறைவு.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாகியிருக்கிறது. சிக்கிய இடங்களில் பல, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகளை உருவாக்கிப் பராமரிக்கும் மரபணுக்களுக்கு அருகில் உள்ளன. பதற்றக் கோளாறு, தூக்கமின்மை, உடல் பருமன் ஆகியவற்றோடும் கணிசமான பங்கு பொதுவாக இருக்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மரபில் கிட்டத்தட்ட எல்லையே இல்லை என்று கெண்ட்லர் 1992லேயே இரட்டையர்களை வைத்துச் சொன்னார். ஒரு குடும்பத்தில் அக்காவுக்கு மனச்சோர்வும் தம்பிக்கு ஓயாத பதற்றமும் இருந்தால், வெவ்வேறு பெயர் பெற்றிருந்தாலும் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம்.

இனி தற்கொலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் மட்டும் உலகில் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை. தற்கொலையால் இறப்பவர்கள் எல்லோரும் மனச்சோர்வு உள்ளவர்களும் இல்லை. பெண்களுக்கு மனச்சோர்வு அதிகம். ஆனால் தற்கொலையால் இறப்பவர்களில் ஆண்கள் இரு மடங்குக்கும் மேல். இவை இரண்டும் ஒன்றே என்றால் கணக்கு இப்படி வராது.

குடும்பத்தில் இது தொடர்வதற்குக் காரணம் மரபா, அல்லது அந்த வீட்டுச் சூழலும் துக்கமும் பார்த்துப் பழகியதுமா? இதைப் பிரித்துப் பார்க்கத் தத்துப் பிள்ளைகளைவிட நல்ல வழி கிடையாது. டென்மார்க்கில் தத்துக் கொடுப்பதற்கும் இறப்புக் காரணங்களுக்கும் துல்லியமான பதிவேடுகள் உண்டு. ஃபினி ஷுல்சிங்கர், சீமோர் கெட்டி குழுவினர் 1979ல் வெளியிட்ட ஆய்வில், தத்துப் போய் வளர்ந்து பிறகு தற்கொலையால் இறந்த 57 பேரையும், அதேபோல் தத்துப் போய் அப்படி இறக்காத 57 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். இறந்தவர்களைப் பெற்ற குடும்பத்தின் 269 ரத்த உறவினர்களில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவின் 269 ரத்த உறவினர்களில் 2 பேர். வளர்த்த குடும்பங்களிலோ ஒருவர்கூட இல்லை. பெற்றவர்களிடம் வளராமல் வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்த 12க்கும் 2க்கும் உள்ள இடைவெளியைப் ‘பார்த்துப் பழகியது’ என்று தள்ளிவிட முடியாது.

இரட்டையர் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. அலெக் ராய் 1991ல் 176 இரட்டையர் இணைகளைப் பார்த்தார். ஒவ்வொரு இணையிலும் குறைந்தது ஒருவராவது தற்கொலையால் இறந்தவர். ஒரே கருமுட்டை இரட்டையர் 62 இணைகளில் 7ல் இருவருமே அப்படி இறந்திருந்தார்கள். மற்ற வகை 114 இணைகளில் 2ல். மரபின் பங்குக்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டாம். ஆனால் அதே எண்ணை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். டிஎன்ஏ முழுவதும் ஒன்றாக இருந்தும், 62ல் 55 இணைகளில் மற்றவர் அப்படி இறக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சான்று, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய வாழ்க்கை முறையை விடாமல் வாழும் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவச் சமூகத்திலிருந்து வருகிறது. மதுவும் வன்முறையும் அரிது, குடும்பங்கள் சேர்ந்தே இருக்கும், வம்சாவளி தலைமுறை தலைமுறையாக எழுதிவைக்கப்பட்டிருக்கும். ஜானிஸ் ஈக்லாண்ட், ஜேம்ஸ் சசெக்ஸ் இருவரும் 1880 முதல் 1980 வரை நூறாண்டில் அங்கே நடந்த 26 தற்கொலைகளை ஆராய்ந்து 1985ல் வெளியிட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நான்கே வம்சங்களில் நடந்திருந்தன. அந்த வம்சங்களில் மனநிலைக் கோளாறும் அதிகம். சரி, எதிர்பார்த்ததுதானே என்று தோன்றும். அதே ஊரில் இன்னும் சில வம்சங்களிலும் மனச்சோர்வும் இருதுருவ நோயும் அதே அளவு மண்டிக்கிடந்தன. அங்கே தற்கொலை இல்லை. ஒரே நம்பிக்கை, ஒரே வாழ்க்கை முறை, அதே நோய். அப்படியானால் மனச்சோர்வு வழியாகப் போகாத இன்னொன்றும் ரத்த உறவில் கடத்தப்படுகிறது.

அது என்ன? டேனிஷ் ஆய்வின் கெட்டி, திடீர் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத தன்மையாக இருக்கலாம் என்று ஊகித்தார். பின்னாளில் ஜான் மான், டேவிட் பிரெண்ட் போன்றோர் நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தார்கள். சிலர் தாங்க முடியாத வலியிலும் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலருக்கு அந்த வலிக்கும் செயலுக்கும் இடையே இருக்கும் நேரம் மிகக் குறுகியது. சட்டென்று பொங்கும் கோபம், விளைவை யோசிக்காத முடிவு, அவமானத்தைக் கொஞ்சமும் பொறுக்க முடியாமை எல்லாம் அதே சுபாவத்தின் பக்கங்கள். மனச்சோர்வும் இந்தச் சுபாவமும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. இதற்கும் செரோட்டோனினுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு ஸ்டாக்ஹோமில் மேரி ஆஸ்பெர்க் 1976லேயே ஒரு தடயம் கண்டார்: மனச்சோர்வு நோயாளிகளில், மூளைத் தண்டுவட நீரில் செரோட்டோனின் சிதைவுப் பொருள் குறைவாக இருந்தவர்களிடையே தற்கொலை முயற்சிகள் அதிகம்.

டிஎன்ஏ அலசலிலும் இந்தத் தனி இழை தெரியத் தொடங்கியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்ற 29,782 பேரை வைத்து 2022ல் அச்சான ஆய்வு, ஏழாவது குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டியது. மனநோய்களின் பங்கைக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. அதே இடம் தூக்கமின்மை, புகைப்பழக்கம், துணிந்து ஆபத்தில் இறங்கும் சுபாவம் ஆகியவற்றோடும் தொடர்புள்ளது. 2023ல் 43,871 பேரை வைத்து வந்த அடுத்த ஆய்வில் 12 இடங்கள். இன்னும் ஆரம்ப கட்டம்தான். தூக்கமின்மை இதில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் அது சிகிச்சைக்குக் கட்டுப்படும் விஷயம்.

மரபும் வாழ்க்கையும் சேரும்போது என்ன ஆகிறது என்பதற்கு, ஒற்றை மரபணுவைத் தேடி ஏமாந்த கதைக்கு முன்பே, நல்ல விடை ஒன்று இருந்தது. கெண்ட்லர் 1995ல் வர்ஜீனியாவின் 2,164 இரட்டைச் சகோதரிகளைப் பற்றி வெளியிட்ட எண்கள் அவை. மரபு ஆபத்து மிகக் குறைவாக உள்ள பெண்ணுக்கு, பெரிய அடி எதுவும் விழாத ஒரு மாதத்தில் மனச்சோர்வு தொடங்க வாய்ப்பு 0.5 விழுக்காடு; நெருங்கியவரின் மரணம், தாக்குதல், மணவாழ்வு முறிதல் போன்ற அடி விழுந்த மாதத்தில் 6.2. மரபு ஆபத்து மிக அதிகமாக உள்ள பெண்ணுக்கு அடி விழாத மாதத்தில் 1.1, அடி விழுந்தால் 14.6. இந்த நான்கு எண்களையும் சற்று நிதானமாகப் பாருங்கள். அமைதியான மாதத்தில் இரு பெண்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. அடி விழும்போதுதான் மரபு தன் முகத்தைக் காட்டுகிறது. அதோடு, மரபு ஆபத்து குறைந்தவர் அடிபட்ட மாதத்தில் இருக்கும் நிலை, ஆபத்து மிகுந்தவர் அமைதியான மாதத்தில் இருக்கும் நிலையைவிடப் பல மடங்கு மோசம்.

குழந்தைப் பருவத்து அடிகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். மான்ட்ரியாலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009ல், தற்கொலையால் இறந்தவர்களின் மூளைத் திசுவைச் சோதித்தார்கள். சிறுவயதில் வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம் மட்டும், உடலின் அழுத்த எதிர்வினையை அடக்கும் ஒரு மரபணுவின் மேல் வேதிக் குறிகள் கூடுதலாக இருந்தன. அந்த மரபணு சரியாக வேலை செய்யவில்லை. டிஎன்ஏ எழுத்து மாறாமலே அதன் வேலை மாறும் இதை எபிஜெனெடிக்ஸ் என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் 12 பேர்தான். குட்டை நெட்டை மரபணுக் கதையைப் படித்தவர்கள் இதையும் அதே ஜாக்கிரதையோடுதான் படிக்க வேண்டும். ‘பாட்டியின் துயரம் பேத்தியின் மரபணுவில்’ என்பது போன்ற தலைப்புகளுக்கு மனிதர்களிடம் இப்போதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

இதைவிட எனக்கு அழுத்தமாகப் படுவது 2010ல் வந்த ஸ்வீடன் பதிவேட்டு ஆய்வு. பெற்றோரில் ஒருவரைத் தற்கொலையில் இழந்தவர்களில், 18 வயதுக்குள் இழந்தவர்களுக்குத் தற்கொலை ஆபத்து மூன்று மடங்காக இருந்தது. 18 வயதுக்குப் பிறகு இழந்த இளைஞர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் தெரியவில்லை. பத்து வயதில் இழந்தாலும் இருபத்திரண்டு வயதில் இழந்தாலும் கிடைத்த மரபணு அதேதான். வித்தியாசம், இழந்தபோது அந்தப் பிள்ளை எந்த வயதில் இருந்தது, யார் தாங்கிப் பிடித்தார்கள் என்பதில் இருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் முதல் சில ஆண்டுகள் கூடுதல் கவனம் தேவை. உண்மையை வயதுக்கேற்ற வார்த்தையில் சொல்வதும் அதில் சேரும்.

எச்சிலை ஒரு குப்பியில் அனுப்பினால் மனச்சோர்வு ஆபத்தைச் சொல்கிறோம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். 5.8 விழுக்காடு என்ற எண்ணைப் பார்த்த பிறகு அதில் தனிமனிதருக்கு என்ன பயன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். கெடுதல் உண்டா என்றால், உண்டு. மேத்யூ லெபோவிட்ஸ், வூ-கியூங் ஆன் இருவரும் 2017ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் வாயைக் கொப்பளித்து, நாக்கடியில் ஒரு பட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். அதன் நிறம் மனச்சோர்வுக்கான மரபு நாட்டத்தைக் காட்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் பட்டை எதையும் காட்டவில்லை. யாருக்கு ‘இருக்கிறது’ என்று சொல்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்திருந்தார்கள். ‘இருக்கிறது’ என்று கேட்டவர்கள், கடந்த இரண்டு வாரங்களில் தங்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகம் இருந்ததாக நினைவுகூர்ந்தார்கள். முடிந்துபோன இரண்டு வாரம்! ஒரு பொய்யான முடிவு அதையே மாற்றி எழுதிவிட்டது. ‘அந்த ரத்தமே அப்படி’ என்று ஒரு பிள்ளையின் காதுபடச் சொல்பவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே சோதனைதான்.

மரபு மாறாமலே மரணங்கள் குறையும் என்பதற்குப் பெரிய சான்று இலங்கை. 1995ல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்று அது. மிக நச்சுள்ள பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. இருபது ஆண்டில் விகிதம் 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இருபது ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறியிருக்க வழியே இல்லை. உந்துதல் வந்த அந்தக் குறுகிய நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். குடும்ப வரலாறு உள்ள வீடுகளுக்கும் இதே பாடம் பொருந்தும்.

மரபணுச் சோதனையால் கிடைக்காத தகவல், உறவினர்களிடம் பேசினால் கிடைக்கும். மருத்துவரிடம் போகும்போது வெறுமனே ‘குடும்பத்தில் இருக்கிறது’ என்று சொல்வதோடு நிறுத்த வேண்டாம். யாருக்கு, எந்த வயதில் தொடங்கியது, பிரசவத்தை ஒட்டியா, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனதா, யாராவது தற்கொலைக்கு முயன்றார்களா என்பதையும் சொல்லுங்கள். உறவில் யாருக்காவது இருதுருவ நோய் உண்டா என்பது மிக முக்கியம். தூக்கமே தேவைப்படாமல் நாள் கணக்கில் துள்ளித் திரிந்த, கடன் வாங்கித் தாறுமாறாகச் செலவு செய்த மாமாவை யாரும் நோயாளி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த விவரம் தெரிந்தால் மருத்துவர் தரும் மருந்தே மாறலாம். ஏனென்றால், இருதுருவ நாட்டம் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு எதிர்ப்பக்கம் எகிறிவிடும். இருதுருவ நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்னும் மருந்து உறவினருக்கு நன்றாக வேலை செய்தது என்றால் அதையும் சொல்ல வேண்டும். லித்தியத்துக்குப் பலன் கிடைப்பதும் குடும்பங்களில் தொடர்வது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

ஒருவரிடம் ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். 2014ல் வந்த ஆய்வுத் தொகுப்பு அப்படி நடப்பதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. கேட்கலாம், கேட்டுவிட்டு உபதேசம் செய்யாமல் காது கொடுக்க வேண்டும். சிகிச்சைக்கும் பலன் இருக்கிறது. அமெரிக்காவில் கிரெகரி பிரவுன் குழு 2005ல், அண்மையில் தற்கொலைக்கு முயன்ற 120 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு, வழக்கமான கவனிப்போடு, எண்ணங்களை ஆராய்ந்து மாற்றப் பழக்கும் அறிவுசார் பேச்சு சிகிச்சையைப் பத்து அமர்வு கொடுத்தது. ஒன்றரை ஆண்டில் மறுபடி முயன்றவர்கள் அந்தக் குழுவில் 24 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 42. அவர்களில் யாருடைய மரபணுவையும் பார்த்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கே அப்படிப்பட்ட எண்ணம் இருந்தால், குடும்ப வரலாறு இருக்கிறதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். நிலைமை அவசரம் என்றால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாகப் போகாமல் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு.